புது ரச் மவுஸ் விண்டோஸ் லப்டொப்புக்கு ஒத்துவருமோ? டிசைன் வேலைக்குப் பாவிக்கலாமோ?

தம்பி கேட்டது சுருக்கமா இதுதான்: கனடாவில இருந்து வந்த சித்தப்பா அப்பிளின்ர புது மஜிக் மவுஸ் ஒண்டு, அந்த யூஎஸ்பி சி வயர் குத்திற மொடல், குடுத்திட்டுப் போட்டார், தன்னட்ட இருக்கிறது விண்டோஸ் லப்டொப், புளூடூத்தில பிடிக்குது, அம்புக்குறி ஓடுது, கிளிக்கும் வேலை செய்யுது, ஆனா ஸ்க்ரோல் மட்டும் ஏலாமல் கிடக்கு, மவுஸ் பழுதோ, வித்துப்போட்டு வேற வாங்கிறதோ, டிசைன் படிக்கிறன் அதுக்கு இது சரிவருமோ எண்டு.

பழுது இல்லை. அவசரப்பட்டு வித்துப்போடாதேங்கோ.

நான் கொக்குவிலில சின்னதா ஒரு டிசைன் கடை வச்சிருக்கிறன். கலியாண கார்ட், நோட்டீஸ், சாமத்திய வீட்டு ஆல்பம், எல்லாத்தையும் விடக் கூட வாறது கல்வெட்டு, செத்த ஆளின்ர நினைவுப் புத்தகம். செத்தவீடு முடிஞ்சு 31ஆம் நாளுக்குள்ள தேவாரம், வாழ்க்கை வரலாறு, பேரப்பிள்ளையள் பூட்டப்பிள்ளையள் பேர் எல்லாம் போட்டு அச்சடிச்சுக் குடுக்கோணும், அதில ஒரு நாளும் பிந்த ஏலாது. என்னட்டையும் உங்களை மாதிரித்தான், மருமகன் ஒருத்தன் ரொரன்ரோவில இருந்து வரேக்க ஒண்டு கொண்டுவந்தவன், அது உங்கடைக்கு முந்தின மொடல், அப்பிளின்ர பழைய லைட்னிங் வயர் குத்திறது. ஒண்டரை வருசம் போட்டு உழக்கின ஆள் எண்ட உரிமையில எழுதிறன்.

முதல்ல ஏன் ஸ்க்ரோல் வரேல்ல எண்டு பாப்பம். சில்லு வச்ச சாதாரண மவுஸ் சில்லு ஒரு பல் திரும்பினா "ஒரு பல் திரும்பீட்டுது" எண்டு கொம்பியூட்டருக்குச் சொல்லும், அந்தப் பாசை உலகத்தில இருக்கிற எல்லாக் கொம்பியூட்டருக்கும் தெரியும். இந்த மவுசில சில்லே இல்லை. மேல் ஓட்டுக்குக் கீழ, போன் ஸ்க்ரீனில இருக்கிற மாதிரி, விரலை உணருற ஒரு படை இருக்கு. அது அனுப்புறது "இந்த இடத்தில ஒரு விரல் இருக்கு, இப்ப இஞ்ச நகர்ந்திட்டுது" எண்ட கணக்கு. அதை ஸ்க்ரோல் எண்டு விளங்கிக்கொள்ளுறது கொம்பியூட்டருக்குள்ள இருக்கிற ட்ரைவர் எண்ட புரோகிராம். அப்பிளின்ர மக் கொம்பியூட்டரில அது கூடவே வருகுது. விண்டோசில இல்லை. அதால விண்டோஸ் இதை ரெண்டு பட்டன் வச்ச பழைய மவுஸ் எண்டு நினைச்சு அதுக்கேத்த மாதிரி நடத்துது.

பாமினி எண்ட தமிழ் எழுத்துருவில அடிச்ச பைலைப் பாமினி இல்லாத கொம்பியூட்டரில திறந்து பாத்திருப்பியள்தானே, எல்லாம் இங்கிலீசு எழுத்தா நிக்கும். எழுத்து அழிஞ்சு போகேல்ல, வாசிக்கிற எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். உங்கட மவுசின்ர கதையும் அதே.

அப்ப ட்ரைவரை எங்க எடுக்கிறது? ரெண்டு வழி இருக்கு. ஒண்டு, பூட் காம்ப். மக்கில விண்டோஸ் போடுறதுக்காக அப்பிளே விட்ட ட்ரைவர் கட்டு அது, அதுக்குள்ள இந்த மவுசுக்கான துண்டும் இருக்கு, அதை மட்டும் பிரிச்செடுத்து சாதாரண விண்டோஸ் லப்டொப்பில கன பேர் போடுறவை, நானும் அப்பிடித்தான் போட்டனான், காசில்லை. ஆனா ஒரு வில்லங்கம் என்னெண்டா, பூட் காம்ப் இன்டெல் சிப் போட்ட மக்குக்கு எண்டு செய்தது, 2020இல இருந்து வாற அப்பிள் சிப் மக்குகளில அது இல்லை. ட்ரைவர் ஒவ்வொரு மவுசையும் அதின்ர மொடல் நம்பரை வச்சுத்தான் அடையாளம் காணும், பழைய ட்ரைவரின்ர பட்டியலில புது மவுசின்ர நம்பர் இல்லையெண்டா தட்டிக்கொண்டு நிக்கவேண்டியதுதான். உங்கட 2024 ஐப்பசியில வந்த மொடல், அதால அந்த மொடலுக்கு எண்டே சொல்லியிருக்கிற ட்ரைவரைப் பாத்து எடுங்கோ. ரெண்டாவது, மஜிக் யுட்டிலிட்டீஸ் எண்டு ஒரு புரோகிராம், வருசத்துக்குக் காசு கட்டோணும், ஆனா கொஞ்ச நாள் சும்மா பாவிச்சுப் பாக்கலாம். முதல் அதைப் போட்டுப் பாருங்கோ, கையுக்குப் பிடிக்குதோ இல்லையோ எண்டு தெரிஞ்சாப் பிறகு மிச்சத்தை யோசிக்கலாம். கண்ட கண்ட தளத்தில இலவச ட்ரைவர் எண்டு கிடக்கிறதை மட்டும் இறக்காதேங்கோ.

லினக்ஸ் வச்சிருக்கிற ஆக்களும் வாசிப்பியள் எண்டதால ஒரு வரி: அங்க கேர்னல் எண்ட லினக்ஸின்ர அடிப்பகுதிக்குள்ளேயே இதுக்கு ட்ரைவர் இருக்கு, ஸ்க்ரோல் வேகத்தை 0இல இருந்து 63 வரைக்கும் வைக்கலாம், நடுவில அமத்தினா நடுப் பட்டன் மாதிரி வேலை செய்யப் பண்ணலாம். புது மொடலெண்டா கேர்னலும் புதுசா இருக்கோணும்.

ட்ரைவர் போட்டும் அம்புக்குறி விக்கி விக்கி ஓடினா மவுசைத் திட்டுறதுக்கு முதல் லப்டொப்பில வேற என்ன குத்தியிருக்கு எண்டு பாருங்கோ. எனக்கு ரெண்டு கிழமை மண்டை காய்ஞ்சது இதில. காலமை நல்லா ஓடும், பின்னேரம் ஆல்பம் வேலை தொடங்கினா இழுக்கும். பற்றறியோ, வெக்கையோ, கரண்டோ எண்டு எல்லாத்தையும் யோசிச்சன். கடைசியில பாத்தா போட்டோக்காரப் பெடியன் கொண்டுவாற ஹாட் டிஸ்க். யூஎஸ்பி 3 வேலை செய்யேக்க 2.4 கிகாஹேட்ஸ் அலைவரிசைப் பக்கம் ரேடியோ இரைச்சல் போடும், புளூடூத்தும் அந்த இடத்திலதான் கதைக்குது, இன்டெல் கொம்பனியே 2012இல இதைப் பற்றி அறிக்கை விட்டிருக்கு. ஹாட் டிஸ்க்கை ஒரு நீட்டு வயரில மேசையின்ர மற்றப் பக்கம் தள்ளி வச்சன், சரி.

இனி பாவிக்கிற கதை. கேள்வியின்ர முக்கால்வாசி இதுக்குள்ளதான் கிடக்கு, ஏனெண்டா ட்ரைவர் ஒரு நாள் பிரச்சினை, கைப்பழக்கம் எல்லா நாளும் இருக்கிற பிரச்சினை.

றைட் கிளிக்கில தொடங்குவம். இதுக்குள்ள அமத்திற பட்டன் ஒண்டே ஒண்டுதான், முழு ஓடும் ஒரே பட்டன். இடமோ வலமோ எண்டு தீர்மானிக்கிறது விரல் எந்தப் பக்கம் தொடுது எண்டதை வச்சு. நாங்கள் மற்ற மவுசில ரெண்டு விரலையும் மேல போட்டுக்கொண்டு நடுவிரலால அமத்திப் பழகின ஆக்கள், இதில அப்பிடி அமத்தினா ஆட்காட்டி விரலும் தொட்டுக்கொண்டு இருக்கிறதால இடப்பக்கம் எண்டு எடுத்துப்போடும். அதால றைட் கிளிக் பண்ணேக்க ஆட்காட்டி விரலைத் தூக்கோணும். ஒரு நாளைக்கு நூறு தரம் தூக்கிப் பாருங்கோ. எனக்குப் பழக ஒரு மாசம் போச்சு, பழகினாப் பிறகு சாதாரண மவுசிலயும் விரலைத் தூக்கிக்கொண்டு இருந்தன், மனிசி கேட்டா என்ன விரலில காயமோ எண்டு.

அடுத்தது கைய சும்மா வச்சிருக்கிற கதை. நான் டிசைன் செய்யிற கொரல் ட்ரோ புரோகிராமில சில்லை உருட்டினா பக்கம் பெருக்கும் சிறுக்கும், இதில உருட்ட ஒண்டும் இல்லை, விரல் லேசா நகர்ந்தாலே போதும். எழுத்துக்குப் பக்கத்தில பூங்கொடி ஒண்டை நுணுக்கமா வைக்கப் போவன், பக்கம் குபீரெண்டு பெருத்து மூக்குக்கு முன்னால வந்து நிக்கும்.

ஒரு நாள் இரவு, ஒரு கல்வெட்டு, விடிய அச்சுக்குப் போகோணும். செத்துப்போன அம்மாவின்ர மூத்த மகன், வயசான அண்ணை ஒருத்தர், பக்கத்தில கதிரையில இருந்து பிழை திருத்திறார். வாழ்க்கை வரலாற்றுப் பக்கம் முழுக்கத் தெரிவு செய்து எழுத்துருப் பெட்டியில பாமினியை எடுத்துவிட்டிட்டு, கைய மவுசில வச்சபடி அவற்ற பக்கம் திரும்பி, பேத்தியின்ர பேர் பெரிய ணவோ சின்ன னவோ எண்டு கேட்டுக்கொண்டு இருக்கிறன். திரும்பிப் பாத்தா பக்கம் முழுக்க இங்கிலீசு எழுத்து. "அம்மா" எண்டு இருந்த இடமெல்லாம் எம், கே, செமிக்கோலன், கே, எச். அண்ணை கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுத் திருப்பிப் பாத்தார். "தம்பி, என்ன கோதாரியிது, அம்மாவைக் காணேல்ல" எண்டார். சிரிக்கிறதோ அழுறதோ தெரியேல்ல எனக்கு.

நடந்தது என்னெண்டா எழுத்துருப் பெட்டி இன்னும் பிடிபட்டபடி இருந்திருக்கு, என்ர விரல் ஒரு அரைக்கால் இஞ்சி வழுக்க அது ஸ்க்ரோல் ஆகி, பட்டியல் பாமினியைத் தாண்டி வேற எழுத்துருவுக்குப் போட்டுது. கொன்ட்ரோல் இசெட் அடிச்சா அம்மா திரும்பி வந்திட்டா. மவுசில பிழையெண்டு சொல்லமாட்டன், கைய வச்சுக்கொண்டு கதைச்சது நான். ஆனா அண்ணை பாக்காமல் நானும் பாக்காமல் அது அச்சுக்குப் போயிருந்தா? அண்டைக்கு இரவே பழைய சில்லு மவுஸ் மேசைக்குத் திரும்பி வந்திட்டுது. நீங்கள் டிசைனுக்கு இதைத்தான் பாவிக்கப்போறியள் எண்டா, பெட்டியில ஒண்டைத் தெரிவு செய்த உடன வெளியில ஒரு கிளிக் பண்ணிவிடுற பழக்கத்தை இப்பவே பழகுங்கோ.

வெக்கைக்கும் இதுக்கும் சரிவராது. சித்திரை வெயிலில கரண்டும் நிண்டு பேனும் நிண்டா கை ஈரமாகும், ஈர விரலை அந்தப் படை சரியா வாசிக்காது, ஸ்க்ரோல் ஒருக்கா பாயும், ஒருக்கா நிக்கும். ஒரு பழைய துவாய்த் துண்டு பக்கத்தில வச்சிருந்தனான். பருத்தித்துறை வடை சாப்பிட்ட கையோட தொடக்கூடாது எண்டு நான் சொல்லித்தான் தெரியோணும் எண்டில்லை.

சார்ஜ் பண்ணிற ஓட்டை அடியில இருக்கிறதைப் பற்றி உலகமே சிரிச்சாச்சு. 2009இல முதல் வந்ததுக்கு ரெண்டு பென்டோர்ச் பற்றறி போடுறது, 2015இல உள்ளுக்குப் பற்றறி வச்சு ஓட்டையை அடியில வச்சவை, 2024இல வயரை மாத்தினவை, ஓட்டை இருந்த இடத்திலேயே இருக்கு. சார்ஜ் பண்ணேக்க மவுஸ் மல்லாந்து கிடக்கும், பாவிக்க ஏலாது. ஆனா உண்மையைச் சொன்னா எனக்கு இது பெரிசாத் தெரியேல்ல, ரெண்டு நிமிசம் குத்தினா ஒன்பது மணித்தியாலம் ஓடும் எண்டு அப்பிள் சொல்லுது, நான் மாசத்தில ஒருக்கா ராவில குத்திப்போட்டுப் படுக்கிறது. எனக்குக் கரைச்சல் தந்தது உயரம். ரெண்டு சென்றிமீற்றர் சொச்சம்தான், உள்ளங்கைக்குத் தாங்கல் இல்லை, விரல் நுனியால பிடிக்கோணும். பெரிய கைக்காரருக்கு மணிக்கட்டு உளையும்.

நல்லதும் இருக்கு. பக்கவாட்டு ஸ்க்ரோல் மாதிரி வடிவான ஒண்டு சில்லு மவுசில கிடையாது. வீடியோ வெட்டுற ஆக்கள் ரைம்லைனில இடமும் வலமும் போய்வர, நீட்டு ஆல்பம் பக்கத்தைத் தடவிக்கொண்டு போக, அது ஒரு சுகம்தான். நீளமா வாசிக்கிற ஆக்களுக்கும் நல்லது. இப்ப என்ர மவுஸ் அப்பாட்ட இருக்கு. அவர் காலமை தேத்தண்ணியோட லப்டொப்பில பேப்பர் வாசிக்கிறவர், மேல ஒரு விரல், சும்மா தடவினாப் போதும், றைட் கிளிக் எண்டு ஒண்டு இருக்கிறதே அவருக்குத் தெரியாது. ஒண்டரை வருசம் நான் பட்ட பாட்டை அவர் ஒரு நாளும் படேல்ல.

அதால, தம்பி, லப்டொப்பில ட்ரைவர் போட்டு வாசிக்க, படம் பாக்க, வீடியோ வெட்ட இதை வச்சிருங்கோ. டிசைன் வகுப்புக்கு ஒரு வயர் மவுஸ், நல்ல சில்லு இருக்கிறதாப் பாத்து, ஸ்ரான்லி வீதிப் பக்கம் போகேக்க கையில பிடிச்சுப் பாத்து வாங்குங்கோ. அந்த வயர் மவுஸ் வேற ஒண்டுக்கும் தேவைப்படும்: விண்டோஸ் திருப்பிப் போடுற நாளில, புளூடூத் எழும்புறதுக்கு முதல் இந்த ரச் மவுஸ் உங்களுக்கு ஒண்டும் செய்து தராது.

ட்ரைவர் போட்டு ஸ்க்ரோல் வந்தா எது போட்டனீங்கள் எண்டு கீழ எழுதிவிடுங்கோ, இதே மொடலோட இன்னும் ரெண்டு பேர் என்னட்டக் கேட்டிருக்கினம்.