பேரழிவு ஏற்படுத்திய டைஃபூன்களின் பெயர்களை ஏன் நீக்குகிறார்கள்? மாற்றுப் பெயரை யார் தருகிறார்கள்?

வடமேற்குப் பசிபிக்கில் உருவாகும் கடும் புயலுக்குத்தான் டைஃபூன் என்று பெயர். அந்த வட்டாரத்துக்கான டைஃபூன் குழு என்ற அமைப்பின் 14 உறுப்பினர்கள் (நாடுகளும் பகுதிகளும்) தலா 10 பெயர்கள் தந்திருக்கிறார்கள். இந்த 140 பெயர்களை ஜப்பான் வானிலை நிறுவனம் வரிசைப்படி சூட்டுகிறது. பட்டியல் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. ஆகவே ஒரே பெயர் சில ஆண்டுகளில் திரும்ப வரும்.

சிக்கல் அங்கேதான். 2013இல் பிலிப்பைன்ஸைத் தாக்கிய ஹையான், 6,000க்கும் அதிகமானோரைப் பலிகொண்டது. வீட்டாரைப் பறிகொடுத்தவர் காதில் அதே பெயர் மீண்டும் வானிலை அறிக்கையாக விழுந்தால் எப்படி இருக்கும்? எந்தப் புயலைச் சொல்கிறார்கள் என்ற குழப்பம் வேறு. பாதிக்கப்பட்ட நாடு கேட்டுக்கொண்டால், டைஃபூன் குழுவின் ஆண்டுக் கூட்டம் பெயரை நீக்கும். முன்பு தந்த நாடே மாற்றுப் பெயரும் தர வேண்டும். ஹையான் சீனா தந்தது, கடற்பறவை ஒன்றின் பெயர். அதன் இடத்துக்குச் சீனா தந்த பைலுவுக்கு வெள்ளை மான் என்று பொருள். பிலிப்பைன்ஸ் தனிப் பட்டியல் வைத்திருக்கிறது: அங்கே ஹையானின் பெயர் யோலாண்டா, அதையும் நீக்கிவிட்டார்கள்.

புகழ்பெற்ற ஆட்டக்காரரின் சட்டை எண்ணை வேறு யாருக்கும் தராமல் வைப்பார்களே, அதுபோல. அங்கே பெருமை, இங்கே துயரம்.

காற்றின் வேகம் அதிகமானால் பெயர் தானாக நீங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள்; அப்படியில்லை, நடுக்கடலிலேயே ஓய்ந்துபோகும் அசுரப் புயலின் பெயர் பெரும்பாலும் பட்டியலிலேயே இருக்கும்.