"இன்றைக்கே எடுத்துக்கொள்ளும்" என்று வேண்டினேன்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு 43 வயது. அம்மாவுக்குக் கல்லீரலில் புற்றுநோய். 14 மாதம் நான்தான் பார்த்துக்கொண்டேன். கடைசி மூன்று வாரம் அவர் பேசவே இல்லை. பங்குத்தந்தை வந்து நோயில்பூசுதல் (நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் அருளடையாளம்) கொடுத்துவிட்டுப் போனார். தினமும் பிற்பகல் மூன்று மணிக்குக் கட்டிலருகே உட்கார்ந்து இறை இரக்கச் செபமாலை சொல்வேன். அது அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

ஒருநாள் இரவு மூச்சுவிட அவர் பட்ட பாட்டைப் பார்க்க முடியவில்லை. அன்றைக்கு நான்காவது தடவையாகப் படுக்கை விரிப்பை மாற்றியிருந்தேன். சுவரில் இருந்த இயேசுவின் படத்தைப் பார்த்து, "போதும் ஆண்டவரே, இன்றைக்கே எடுத்துக்கொள்ளும்" என்றேன். கோபமாக, சத்தமாகவே சொன்னேன். விடியற்காலையில் அம்மா போய்விட்டார். நான் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

ஐந்து மாதம் ஆகிறது. அம்மாவுக்காகக் கேட்டேனா, என் தூக்கத்துக்காகக் கேட்டேனா என்று தெரியவில்லை. அவர் போனதும் அழுகை வரவில்லை, நிம்மதிதான் வந்தது. நான் சொன்னது அம்மா காதில் விழுந்திருக்குமோ என்று நினைத்தால் தூக்கம் போய்விடுகிறது. செபமாலையை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். என் அம்மாவை நான் கொன்றுவிட்டேனா?

ஒரு மகள்

அன்புச் சகோதரி,

இல்லை. உங்கள் அம்மாவின் உயிரைக் கொண்டுபோனது புற்றுநோய். குணமாக்கும் என்று நீங்கள் எத்தனையோ நாள் மன்றாடியிருப்பீர்கள். அத்தனை மன்றாட்டும் நோயை நிறுத்தவில்லை. அப்படியிருக்க, களைத்துப்போய்ச் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் உயிரை எடுக்கும் வல்லமை எங்கிருந்து வந்திருக்கும்? துக்கத்தில் இருக்கும் மனம் இப்படித்தான் கணக்குப் போடும். அடுத்தடுத்து நடந்த இரண்டைச் சேர்த்து முடிச்சுப் போட்டு, பழியைத் தன் தலையில் ஏற்றிக்கொள்ளும். ஒன்றும் செய்ய முடியாமல் நின்றோம் என்பதைவிட, நான்தான் செய்தேன் என்பதை அதனால் எளிதாகத் தாங்க முடிகிறது.

இறந்துகொண்டிருப்பவரைப் போக விடும்படி வேண்டுவது பாவமா? திருச்சபையே அப்படித்தான் வேண்டுகிறது. சாகும் தறுவாயில் இருப்பவருக்கான செபங்களில், "கிறிஸ்தவ ஆன்மாவே, இவ்வுலகை விட்டுப் புறப்படு" என்று தொடங்கும் செபம் ஒன்று உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழமையானது. படுக்கையைச் சுற்றி நிற்கும் குடும்பத்தார் முன்னிலையிலேயே அதைச் சொல்வார்கள். ஓர் உயிரை முடித்துவிடச் செயல்படுவதை ஏற்காத அதே திருச்சபைதான், இரக்கமுள்ள ஒருவர் கையில் ஒப்படைத்து, போய் வா என்றும் சொல்கிறது. நீங்களும் ஒப்படைக்கத்தான் செய்தீர்கள். வார்த்தை மட்டும் கரடுமுரடாக வந்தது.

கோபம் உங்களை உறுத்துகிறது, இல்லையா? எலியா இறைவாக்கினரை நினைத்துப் பாருங்கள். பாலைநிலத்தில் ஒரு செடியின் அடியில் விழுந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று அவரும் கேட்டார். விவிலியத்தில் அரசர்கள் முதல் நூல், 19ஆம் அதிகாரம். கடவுள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தூங்க விட்டார். பிறகு தூதர் தட்டி எழுப்பி, சாப்பிடு என்றார். மறுபடி தூங்கினார், மறுபடி சாப்பாடு வந்தது. அன்று இரவு நீங்கள் தூங்கிப்போனதை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

அம்மா காதில் விழுந்திருக்குமா என்று கேட்கிறீர்கள். மறைக்காமல் சொல்கிறேன், விழுந்திருக்கலாம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், அசைவற்றுக் கிடந்த இறுதிநிலை நோயாளிகள் சிலரின் மூளை ஒலிகளுக்கு அப்போதும் பதில் காட்டியது. சரி, அந்த ஒரு வாக்கியம் கேட்டிருந்தால், தினமும் மூன்று மணிக்கு நீங்கள் சொன்ன செபமும் கேட்டிருக்கும் அல்லவா? 14 மாதம் கேட்ட அதே குரல். அது கோபப்பட்டது எதனால் என்று உங்களைப் பெற்றவருக்குத் தெரியாதா?

அம்மாவுக்காகவா, எனக்காகவா என்ற கேள்விக்கு என் பதில், இரண்டுக்காகவும்தான். நீண்ட நாள் நோயாளியைப் பார்த்துக்கொண்ட பலருக்கும் இறப்புக்குப் பின் முதலில் வருவது நிம்மதிதான், அப்புறம்தான் குற்றவுணர்வு. போலந்து நாட்டு அருள்சகோதரி புனித ஃபாஸ்டினா 1935இல் எழுதிவைத்த அந்த இறை இரக்கச் செபமாலையில் ஒரு சொல்லைக் கவனித்திருக்கிறீர்களா? சாகக் கிடப்பவர் அருகே சொல்லும்போதும், "அவர் மீது இரக்கமாயிரும்" என்று அது சொல்வதில்லை. "எங்கள் மீதும்" என்கிறது. ஒருமுறை சொல்லி முடிப்பதற்குள் ஐம்பது தடவை. அம்மாவோடு சேர்த்து உங்களுக்கும் நீங்கள் நாள்தோறும் இரக்கம் கேட்டுக்கொண்டுதான் இருந்தீர்கள். உங்கள் பங்குக்கு வந்த இரக்கத்தை மட்டும் ஏன் திருப்பி அனுப்பப் பார்க்கிறீர்கள்?

எனக்கு எழுதியதை, தெரிந்த ஒரு குருவிடம் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒருமுறை போதும். திரும்பத் திரும்பப் பாவசங்கீர்த்தனத்துக்கு ஓட வேண்டாம், அது புண்ணைச் சொறிவது போல ஆகிவிடும். வீட்டிலும் ஒருவருக்காவது தெரியட்டும். தூக்கமின்மை தொடர்ந்தாலோ, வாழவே வேண்டாம் என்று தோன்றினாலோ, தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

அந்த அலமாரியையும் திறந்துவிடுங்கள். உடனே செபம் வராது, பரவாயில்லை. மூன்று மணிக்கு அம்மாவின் கட்டில் இருந்த இடத்தில், செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்