திருப்பத்தில் மட்டும் உதறும் ஜீப்

கேள்வி: தாத்தா காலத்துப் பெட்ரோல் ஜீப். பின் ஆக்ஸிலில், பிரித்துப் புதுப்பித்த லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுற்றாமல் இரண்டுக்கும் இழுவை கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) போட்டு ஒரு மாதம் ஆகிறது. நேராகப் போனால் சத்தமே இல்லை, தெருமுனையில் திரும்பினால் பின்னால் கடகடவென்று உதறுகிறது. கிரவுன் பினியன் (எஞ்சின் சுழற்சியைப் பின் ஆக்ஸிலுக்குத் திருப்பிவிடும் பல்சக்கர ஜோடி) செட்டிங் தப்பு, மறுபடி இறக்கணும் என்கிறார் மெக்கானிக். இறக்கலாமா சார்?
- வாசகர், மன்னார்குடி

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கிரவுனும் பினியனும் சரியாக உட்காரவில்லை என்றால் நேர் ரோட்டிலேயே ஊளையிடும், ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஒரு மாதிரி, விட்டால் ஒரு மாதிரி. திருப்பத்தில் மட்டும் உதறினால் முதல் சந்தேகம் டிஃபரன்ஷியலுக்கு உள்ளே இருக்கும் கிளச் பிளேட்டுகள் மேல்தான். வளைவில் வெளிச்சக்கரம் அதிகம் சுற்றணும், அப்போது பிளேட்டுகள் வழுவழுவென்று நழுவாமல் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தால் இந்தச் சத்தம்தான் வரும்.

என்ன ஆயில் ஊற்றினார் என்று கேளுங்கள். சாதா 90 கியர் ஆயில் என்றால் வடித்துவிட்டு, லிமிடெட் ஸ்லிப்புக்கென்றே வரும் ஜிஎல்-5 தரக் கியர் ஆயில் ஊற்றுங்கள், அல்லது ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் என்று, பிளேட்டுகள் வழுவழுவென்று நழுவ உதவும், சின்ன பாட்டிலில் கிடைப்பதைச் சேருங்கள். வடிக்கிற ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் வாய்க்காலில் இறக்கியபோது தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆக்ஸில் மேலிருக்கும் பிரீதரையும் (காற்று போகும் துளை) சீலையும் பாருங்கள். அப்புறம், கொள்முதல் இல்லாத நாளாகப் பார்த்து நெல் களத்தில் மெதுவாகப் பத்துப் பதினைந்து எட்டு போடுங்கள், லைசென்ஸ் எடுக்கப் போட்டோமே அதே எட்டு. பிளேட்டுகளை ஆயிலில் ஊறவைக்காமல் அடுக்கியிருந்தாலும் பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும். பின் டயர் இரண்டும் ஒரே சைஸ்தானே? ஒன்று புதுசு ஒன்று மொட்டை என்றால் பிளேட்டுகள் நேர் ரோட்டிலும் தேய்ந்துகொண்டே இருக்கும்.

இதற்கும் அடங்கவில்லை என்றால் பின்னால் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் டார்க் ரெஞ்ச் (எவ்வளவு முறுக்கு விசை என்று காட்டும் ஸ்பேனர்) போட்டுச் சுற்றிப் பாருங்கள். வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவைவிட ரொம்ப இறுக்கமாக இருந்தால் அப்போது இறக்கலாம். அந்த நிலையில் மட்டும் எஞ்சினை ஓட்டி கியர் போட்டுவிடாதீர்கள், தரையில் இருக்கும் சக்கரம் வண்டியை ஜாக்கியிலிருந்து தள்ளிவிடும்.

இறக்கினால் ஒன்று கவனிக்கணும். பழைய ஹவுசிங்கில் இருந்த ஷிம்மையே (இடைவெளியைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடு) புதுசுக்கும் போடும் பழக்கம் சிலருக்கு உண்டு, கூடாது. டயல் கேஜ் வைத்து பேக்லாஷ் (பற்களுக்கு இடையிலான ஆட்டம்) பார்த்து, ஒரு பக்கம் எடுத்த ஷிம்மை மறுபக்கம் சேர்க்கணும், அப்போதுதான் பேரிங் இறுக்கம் மாறாது. கடைசியில் கிரவுன் பல்லில் பிரஷ்யன் ப்ளூ என்ற நீலப் பசை தடவிச் சுற்றினால் தடம் பல்லின் நடுவில் விழணும்.

சம்பா நடவுச் சேற்றில் ஒரு சக்கரம் சும்மா சுற்றாமல் இழுக்கும், சந்தோஷம்தான். ஆனால் மழையில் சரிவான ஆற்றங்கரையில் போகும்போது ஆக்ஸிலேட்டரை அழுத்தாதீர்கள், இரண்டு பின் சக்கரமும் ஒன்றாக வழுக்கி, வால் பக்கம் வாய்க்காலைப் பார்த்து இறங்கும்.