பருவுள்ள முகத்துக்கு மேக்கப் போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 24. நகைக்கடையில் விற்பனைப் பிரிவில் வேலை செய்கிறேன். காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பது வரை ஃபவுண்டேஷன், காம்பாக்ட், லிப்ஸ்டிக்கோடு நிற்க வேண்டும் என்பது கடையின் விதி. கன்னத்திலும் தாடையிலும் பருக்கள் வந்தபடியே இருக்கின்றன. அவற்றை மறைக்க அடர்த்தியாகப் பூசினால் இன்னும் கூடுகின்றன. இரவில் தேங்காய் எண்ணெயால் துடைத்துவிட்டு மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். தோழி கொடுத்த சிவப்பழகு கிரீமைப் பூசிய ஒரு மாதத்தில் முகம் பளிச்சென்று ஆனது; நிறுத்தியதும் பருக்கள் இரண்டு மடங்காகிவிட்டன. வேலையை விடாமல் முகத்தைக் காப்பாற்ற முடியுமா, டாக்டர்?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: முடியும். ஆனால் முதலில் அந்தக் கிரீமைப் பற்றிப் பேசிவிடுவோம். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது அதுதான். ஒரே மாதத்தில் நிறத்தைக் கூட்டி, நிறுத்தியவுடன் பருக்களை வாரியிறைக்கும் கிரீம்களில் பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்திருக்கும். மொமெட்டாசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் ஆகிய பெயர்களில் ஏதேனும் அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். உட்பொருள் எதுவும் அச்சிடாத டப்பா என்றால் இன்னும் அதிகமாகச் சந்தேகப்படுங்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் இத்தகைய கிரீம்களை விற்பதற்கு எதிராக 2018-இல் மத்திய அரசு விதிகளை இறுக்கிய பின்னும் அவை கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் வெளியே தெரிந்து, வெயில் பட்டாலே முகம் எரியும் நிலை வரும். அதை இனித் தொடாதீர்கள். டப்பாவையும் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவர் ஒருவரை நேரில் பாருங்கள்.

பரு அழுக்கினால் வருவதன்று. ஹார்மோன்களின் தூண்டுதலால் கூடுதலாகச் சுரக்கும் எண்ணெயும் உதிர வேண்டிய செல்களும் சேர்ந்து மயிர்க்காலின் வாயை அடைத்துக்கொள்ள, உள்ளே பெருகும் பாக்டீரியாவும் அதையொட்டி எழும் அழற்சியும் அதைச் சிவந்த கட்டியாக்குகின்றன. ஆகவே மூன்று முறை சோப்புப் போடுவதால் பரு குறையாது. தோலின் காப்பு அடுக்குதான் சிதையும், பிறகு எந்த மருந்தைப் பூசினாலும் எரியும். மேக்கப் பொருள்களாலேயே வரும் பருவும் உண்டு. க்ளிக்மன், மில்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1972-இலேயே அதை விவரித்துத் தனிப்பெயரும் இட்டார்கள். கன்னத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். சிவப்பே இல்லாமல் ரவை ரவையாக நெருடினால் அந்த வகையாக இருக்கலாம்.

உங்கள் முகத்தின் நிலையைத் தீர்மானிப்பது கடையில் நிற்கும் பதினொன்றரை மணி நேரத்தைவிட, வீடு திரும்பிய பின் நீங்கள் செலவிடும் பதினைந்து நிமிடம்தான் என்பது என் உறுதியான கருத்து. தேங்காய் எண்ணெய் தோலின் துளைகளை அடைக்கக்கூடியது. அதற்குப் பதிலாக, மேக்கப்பைக் கரைத்தெடுக்கும் திரவமான மைசெல்லர் வாட்டரைப் பஞ்சில் நனைத்து, சில நொடிகள் முகத்தில் ஒற்றி வைத்து, தேய்க்காமல் எடுங்கள். பிறகு மென்மையான ஃபேஸ்வாஷால் ஒரே ஒரு முறை கழுவினால் போதும். முகம் நன்றாக உலர்ந்ததும், மருத்துவர் பரிந்துரைத்தால், துளை அடைப்பைத் தடுக்கும் பரு மருந்தான 0.1 சதவீத அடபலீன் ஜெல்லைப் பட்டாணி அளவு எடுத்து, பருவின் மேல் மட்டும் வைக்காமல் முகம் முழுவதும் மெல்லப் பரப்பி, அதன் மேல் மாய்ஸ்சரைசர் பூசுங்கள். தொடக்கத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். முதல் சில வாரங்களில் பரு சற்றுக் கூடியதுபோல் தோன்றினாலும் மனம் தளர வேண்டாம். பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகும். கர்ப்பமாக இருப்பவர்களும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும். பருவின் பாக்டீரியாவைக் கொல்லும் பென்சாயில் பெராக்சைடு தரப்பட்டால் 2.5 சதவீதமே பெரும்பாலோருக்குப் போதும்; அது துணியின் சாயத்தை வெளுக்கும் என்பதால் தலையணைக்கு வெள்ளை உறை போடுங்கள்.

காலையில் ஜெல் வகை மாய்ஸ்சரைசர், அதன் பின் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன். நம்முடைய மாநிறத் தோலில் பரு ஆறினாலும் கரும்புள்ளி மாதக்கணக்கில் நிற்கும் என்பதால், அயர்ன் ஆக்சைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்கிரீனையே உங்களுக்குச் சொல்வேன். அதுவே பாதி ஃபவுண்டேஷனின் வேலையைச் செய்துவிடும். பிறகு புள்ளிகளின் மேல் மட்டும் கன்சீலரை விரல் நுனியால் ஒற்றி, மெல்லிய ஃபவுண்டேஷன் ஒரு பூச்சு போதும். மதியம் முகம் மினுமினுத்தால் மேலும் காம்பாக்ட் அடிக்காமல் டிஷ்யூவால் எண்ணெயை ஒற்றி எடுங்கள். 'நான்-காமெடோஜெனிக்' (துளைகளை அடைக்காதது) என்ற சொல்லுள்ள பொருள்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது, ஆனால் அச்சொல்லுக்குச் சட்டம் வகுத்த ஒரே சோதனை எதுவும் இல்லை; எனவே புதிய பொருளைத் தாடையின் ஓரத்தில் சில நாட்கள் பூசிப் பார்த்துவிட்டே முகத்துக்குக் கொண்டுவாருங்கள்.

இன்னொன்று. என்னிடம் வருபவர்களின் மேக்கப் பையை மேசையில் திறந்து வைக்கச் சொல்வது என் வழக்கம். ஒரு பெண்ணின் ஸ்பாஞ்சை அவர் சம்மதத்தோடு கத்தரியால் இரண்டாக வெட்டினேன்; வெளியே சந்தன நிறம், உள்ளே ஈரம் காயாமல் கருத்த புள்ளிகள். தினமும் அதைத்தான் அவர் முகத்தில் ஒற்றிக்கொண்டிருந்தார். ஸ்பாஞ்சை ஒவ்வொரு முறையும் கழுவி, மூடிய பைக்குள் போடாமல் காற்றில் உலரவிடுங்கள். பிரஷ்ஷுக்கு வாரம் ஒரு முறை போதும்.

மாதவிடாய் ஒழுங்கற்று, தாடையில் முடியும் வளர்கிறதென்றால் மகப்பேறு மருத்துவரிடம் பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: என் தங்கைக்கு மூன்று வாரத்தில் திருமணம். முகத்தில் பரு இருக்கிறது. ஃபேஷியல், ப்ளீச் செய்யலாமா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: வேண்டாம். மூன்று வாரத்துக்குள் முகத்துக்குப் புதிதாக எதையும் அறிமுகப்படுத்தாதீர்கள். எலுமிச்சைச் சாறும் பற்பசையும்கூடத் தோலைப் புண்ணாக்கும். மேக்கப் கலைஞர் பயன்படுத்தப்போகும் ஃபவுண்டேஷனை இப்போதே ஒரு மாலை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முகூர்த்தத்துக்கு முன் பெரிய கட்டியாக ஒன்று கிளம்பினால் கிள்ளாமல் தோல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதற்கென்றே போடும் சிறிய ஊசியில் ஓரிரு நாட்களில் அமுங்கிவிடும்.