எண்ணிக்கை நோட்டை மூடுங்கள்

கேள்வி: நான்கு மாதங்களாக விடியற்காலையில் எழுந்து 40 நிமிடம் தியானம் செய்கிறேன். எதிர்மறை எண்ணங்களை மனதிலிருந்து அடியோடு நீக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆனால் கண்ணை மூடியதுமே அவைதான் முண்டியடித்துக்கொண்டு வருகின்றன. எல்லார் முன்னிலையிலும் மேலதிகாரி என்னைத் திட்டியது, அப்பா இறந்த வாரத்தில் அக்காவிடம் நான் பேசக்கூடாததைப் பேசியது, ‘நீ எதற்கும் லாயக்கில்லை’ என்று உள்ளே கேட்கும் குரல். எத்தனை முறை மனம் சிதறியது என்று தினமும் ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். முதல் வாரம் 10, 12 என்று இருந்தது. இப்போது 30-ஐத் தாண்டுகிறது. என் மனம் தியானத்துக்கே தகுதியற்றதா? விட்டுவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: முதலில் அந்த நோட்டை மூடி வையுங்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

தியானம் என்ற பெயரில் நான்கு மாதங்களாக உங்கள் மனதுக்குப் பரீட்சை வைத்து, நீங்களே மதிப்பெண்ணும் போட்டு, தினமும் ஃபெயிலாக்கிக்கொண்டிருக்கிறீர்கள். கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் 40 நிமிடமும் உங்களில் ஒரு பாதி ‘வந்துவிட்டதா, வந்துவிட்டதா’ என்று வாசலிலேயே நிற்கிறது. வரக்கூடாதவர் வந்துவிடுவாரோ என்று வாசலில் நிற்பவருக்குத் தெருவில் போகிற ஒவ்வொரு காலடியும் அவருடையதாகத்தான் கேட்கும்.

இதைச் சோதனை செய்தே பார்த்திருக்கிறார்கள். 1987-இல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் கல்லூரி மாணவர்களை உட்காரவைத்து, 5 நிமிடம் மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லச் சொன்னார்கள். ஒரே நிபந்தனை, வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது. நினைத்துவிட்டால் எதிரே இருக்கும் மணியை அடிக்க வேண்டும். மணி மறுபடி மறுபடி ஒலித்தது. அதோடு முடியவில்லை. அடுத்த 5 நிமிடம் ‘இப்போது தாராளமாக நினைக்கலாம்’ என்றபோது, முதலிலிருந்தே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட, அடக்கிவைத்தவர்களுக்குத்தான் கரடி அதிகம் வந்தது. வெக்னர் பிற்பாடு இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். ஒன்றை நினைக்காமல் இருக்க வேண்டுமானால், அது வருகிறதா என்று பார்ப்பதற்காக மனதின் ஒரு பகுதி அதையே நினைவில் வைத்துக்கொண்டு காவல் காக்க வேண்டியிருக்கிறது. களைப்பிலும் கவலையிலும் விரட்டுகிற பகுதி தளர்ந்துபோகும். காவல் மட்டும் ஓயாது.

உங்கள் கையில் இருக்கும் நோட்டும் பேனாவும் அந்த மணிதான்.

இன்னொன்று. 12 என்பது 30 ஆனதைத் தோல்வி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 30-ஐ நீங்கள் எப்படி எண்ணினீர்கள்? மனம் போய்விட்டதை ஒவ்வொரு முறையும் நீங்களே கண்டுபிடித்ததால்தானே? மேலதிகாரியோடு மனதுக்குள் நடக்கிற வாக்குவாதத்தில் முழுதாக மூழ்கிவிட்டவருக்கு எண்ணிக்கை தெரியாது. ஒரே ஒரு சிதறலில் கால் மணி நேரம் கரைந்துபோயிருக்கும். முதல் வாரத்தில் உங்களுக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மூச்சைக் கவனிக்கிறோம், மனம் நழுவுகிறது, நழுவியது தெரிகிறது, திரும்பி வருகிறோம். தியானத்தில் செய்வதற்கு உள்ள வேலை இவ்வளவுதான். நீங்கள் ஒருநாளில் 30 முறை திரும்பி வந்திருக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் உங்களையே திட்டிக்கொண்டு திரும்பியிருக்கிறீர்கள் என்பதில்தான் எனக்கு வருத்தம்.

‘அப்படியானால் பெரியவர்கள் மனதை அடக்கு என்றுதானே சொன்னார்கள்?’ என்று கேட்பீர்கள். சொன்னார்கள். அது எத்தனை கடினம் என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். மதயானையை வசமாக நடத்தலாம், புலியின் வாயைக் கட்டலாம், சிங்கத்தின் முதுகில் ஏறலாம், நீர்மேல் நடக்கலாம் என்று அடுக்கிக்கொண்டே போகிற தாயுமானவர், கடைசியில் சிந்தையை அடக்கிச் சும்மா இருப்பதுதான் அரிது என்கிறார். வாழ்நாள் முழுக்க அந்த வழியில் நின்றவருடைய வாக்கு அது. நான்கு மாதத்தில் அது கைகூடவில்லை என்று உங்கள் மனதைத் தகுதியற்றது என்கிறீர்களே, அது நியாயமா?

அடக்குவதற்கும் ஒரு வரிசை உண்டு. பௌத்தர்களின் பாலி நூல்களில், புத்தரின் உரைகளைத் தொகுத்த மஜ்ஜிம நிகாயத்தின் 20-ஆம் சூத்திரம் (உரை) முழுக்க இந்த ஒரே விஷயத்தைத்தான் பேசுகிறது. தகாத எண்ணம் வந்தால் என்ன செய்வது என்று புத்தர் ஐந்து வழிகள் சொல்கிறார். முதல் வழி, தச்சன் பெரிய ஆப்பை ஒரு சின்ன ஆப்பை வைத்து அடித்து வெளியேற்றுவதுபோல, வேறொரு நல்ல எண்ணத்தை அந்த இடத்தில் வைப்பது. அது உதவாவிட்டால் அந்த எண்ணம் என்ன கேடு செய்கிறது என்று பார்ப்பது. அதற்கும் போகாவிட்டால், பார்க்க விரும்பாத காட்சியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்வதுபோல அதைப் பொருட்படுத்தாமல் விடுவது. நான்காவது எனக்கு மிகவும் பிடித்தது. வேகமாக நடக்கிற ஒருவன் ‘நான் ஏன் இவ்வளவு வேகமாகப் போகிறேன், மெதுவாகப் போகலாமே’ என்று நினைக்கிறான், பிறகு நிற்கிறான், உட்காருகிறான், படுத்துக்கொள்கிறான். அப்படி எண்ணத்தின் ஓட்டத்தைப் படிப்படியாகத் தணிப்பது. இந்த நான்கும் பலிக்காமல் போனால்தான் ஐந்தாவது: பல்லைக் கடித்து, நாக்கை அண்ணத்தில் அழுத்தி, மனதை மனதால் நசுக்குவது.

நீங்கள் விடியற்காலையில் எழுந்து நேராக ஐந்தாவதில் தொடங்குகிறீர்கள்.

இனி அந்த மூன்று எண்ணங்கள். மூன்றையும் ‘எதிர்மறை’ என்று ஒரே மூட்டையில் கட்டியிருக்கிறீர்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

மேலதிகாரி திட்டியது ஒரு காயம். காயம் நினைவுக்கு வரத்தான் செய்யும். வரும்போது நெஞ்சு இறுகுகிறதா, காது சூடாகிறதா, தாடை கடித்துக்கொள்கிறதா என்று உடம்பில் பாருங்கள். அவர் என்ன சொன்னார், நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்ற வசனத்துக்குள் போகாமல், அந்த இறுக்கத்தோடு மட்டும் கொஞ்ச நேரம் இருங்கள். மூச்சை நிதானமாக, உள்ளே இழுப்பதைவிட நீளமாக வெளியே விடுங்கள். மூச்சு வெளியேறும்போது இதயத் துடிப்பு சற்றே குறைவது உடம்பின் இயல்பு, அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

‘நீ எதற்கும் லாயக்கில்லை’ என்ற குரல் வேறு வகை. இதோடு வாதம் செய்து ஜெயித்தவர்களை நான் பார்த்ததில்லை. ‘நான் திறமைசாலி, நான் திறமைசாலி’ என்று நூறு முறை சொல்லச் சொல்லும் ஆலோசனையையும் நான் தர மாட்டேன்; மனதார நம்பாத ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னால், உள்ளிருந்து மறுப்புதான் கிளம்பும். இங்கே ஒரு சின்ன மாற்றம் உதவும். ‘நான் லாயக்கில்லாதவன்’ என்பதை ‘நான் லாயக்கில்லாதவன் என்று ஓர் எண்ணம் வருகிறது’ என்று ஆக்கிக்கொள்ளுங்கள். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் என்ற மூன்று உளவியலாளர்கள் மனச்சோர்வு நோய்க்காக வகுத்த 8 வாரப் பயிற்சியின் நடுநாயகமே இதுதான்: எண்ணத்தை உண்மை என்று எடுத்துக்கொள்ளாமல், எண்ணமாகவே பார்ப்பது. 2000-இல் வெளியான அவர்களது ஆய்வில், மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வு வந்து குணமானவர்களில், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 66 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. இந்தப் பயிற்சியையும் சேர்த்துப் பெற்றவர்களில் 37 சதவீதம் பேருக்குத்தான் திரும்பியது. இரண்டு முறை மட்டும் வந்தவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை என்பதையும் அந்த ஆய்விலேயே எழுதியிருக்கிறார்கள். தியானத்தைச் சர்வரோக நிவாரணி என்று விற்பவர்கள் இந்த இரண்டாவது வரியைச் சொல்வதில்லை.

அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் நோயிலிருந்து மீண்டிருந்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். உங்களுக்கு இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கம் கெட்டு, பசி கெட்டு, எதிலும் நாட்டம் இல்லாமல் போயிருந்தால், அல்லது செத்துவிடலாம் என்ற நினைப்பு ஒருமுறை தலைகாட்டியிருந்தாலும்கூட, கண்ணை மூடி உட்காருவதைத் தள்ளிவைத்துவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். இன்றைக்கே. மௌனமாக உட்கார்ந்தால் பயமும் பதற்றமும் கூடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது குறை இல்லை. அவர்கள் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு, நடந்தபடியே பாதத்தைக் கவனிக்கலாம்.

அக்காவைப் பற்றிய எண்ணத்தை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். அதை எதிர்மறை எண்ணம் என்று யார் உங்களுக்குச் சொன்னது? பேசக்கூடாததைப் பேசிவிட்டோம் என்று மனம் உறுத்துகிறது. உறுத்தத்தான் வேண்டும். அது உங்கள் மனம் சரியாக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். அதைத் தியானத்தால் கரைத்துவிட முடிந்தால் எனக்குத்தான் கவலையாக இருக்கும். முடிக்காத வேலையை மனம் நினைவூட்டுகிறது. நீங்கள் நான்கு மாதங்களாக அந்த நினைவூட்டலைத் துரத்திக்கொண்டிருக்கிறீர்கள். அக்காவுக்கு உங்களிடமிருந்து வரவேண்டியது ஒரு மன்னிப்பு. அவர் ஏற்றுக்கொள்வாரா என்பது அவர் கையில். அப்பாவைப் பறிகொடுத்தது அவரும்தானே.

தியானத்தை விட வேண்டாம். நாற்பது நிமிடத்தைப் பத்தாகக் குறையுங்கள். மூச்சு மூக்கில் தெரிகிறதோ வயிற்றில் தெரிகிறதோ, அங்கே இருங்கள். நழுவினால் ‘நினைப்பு’ என்று மனதுக்குள் ஒரே சொல் சொல்லிவிட்டு, கைக்குழந்தையைத் தூக்கி மடியில் வைப்பதுபோல மனதைத் திரும்ப அழைத்து வாருங்கள். எண்ண வேண்டாம். பத்து நிமிடமும் நழுவிக்கொண்டே இருந்தது என்றால் அன்றைக்கு அப்படி, அவ்வளவுதான்.

அந்த நோட்டில் எழுதாத பக்கங்கள் மீதி இருக்கும். போனில் பேசத் தயக்கமாக இருந்தால், அதில் ஒன்றைக் கிழித்து அக்காவுக்கு நான்கு வரி எழுதுங்கள்.

– ஆசிரியர்