நாடாளுமன்றத்தில் '100 வெள்ளி வெட்டு' என்றால் என்ன?

சிங்கப்பூரில் பிப்ரவரியில் நிதியமைச்சர் வரவுசெலவுத் திட்டத்தை அறிவித்தபின், ஒவ்வோர் அமைச்சின் செலவையும் நாடாளுமன்றம் தனித்தனியே விவாதிக்கும். அப்போது ஓர் உறுப்பினர் எழுந்து, "கல்வி அமைச்சின் ஒதுக்கீட்டில் 100 வெள்ளியைக் குறைக்க வேண்டும்" என்பார். அதுதான் வெட்டுத் தீர்மானம். அடுத்த நொடியே தமிழாசிரியர் எண்ணிக்கை பற்றியோ மாணவர் பராமரிப்பு நிலையக் கட்டணம் பற்றியோ கேட்கத் தொடங்கிவிடுவார்.

ஏன் 'குறை' என்று கேட்க வேண்டும்? செலவைக் கூட்டும் தீர்மானத்துக்கு அதிபரின் பரிந்துரை தேவை. அதை அமைச்சர்தான் அவையில் தெரிவிக்க முடியும். சாதாரண உறுப்பினருக்குத் திறந்திருக்கும் கதவு, குறைக்கச் சொல்வது மட்டுமே. கோயில் பொதுக்கூட்டத்தில் "அன்னதானக் கணக்கில் ஒரு வெள்ளி குறையுங்கள்" என்று எழுந்து, எண்ணெய்க்கு ஏன் இவ்வளவு என்று விசாரிப்பதைப் போல.

நேரம்தான் இங்கே இறுக்கம். அமைச்சு வாரியாக நேரம் வகுக்கப்பட்டிருப்பதால், கேள்வி சுருக்கமாகவும் குறியாகவும் இருந்தால்தான் உருப்படியான பதில் வரும். அமைச்சர் பதிலளித்ததும் உறுப்பினர் வெட்டை மீட்டுக்கொள்வார். எல்லா அமைச்சுகளும் முடிந்தபின், ஏப்ரல் 1இல் தொடங்கும் நிதியாண்டுக்கான மசோதா நிறைவேறும்.

வெட்டு கொண்டுவருபவர் அந்த அமைச்சை எதிர்க்கிறார் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஆளுங்கட்சி உறுப்பினர்களும் இதே 100 வெள்ளி வெட்டோடுதான் பேசுகிறார்கள், ஒதுக்கீட்டில் ஒரு காசும் குறைவதில்லை.