முதல் மோட்டார் சைக்கிள் பயிற்சி: பயத்தோடு இருப்பவர் எப்படித் தயாராவது?

கேள்வி: எனக்கு 34 வயது. சைக்கிள் நன்றாக ஓட்டுவேன். கியர் இல்லாத ஸ்கூட்டரும் பழக்கம் உண்டு. மோட்டார் சைக்கிள் கற்றுக்கொள்ள இரண்டு நாள் தொடக்கநிலைப் பயிற்சியில் சேர்ந்திருக்கிறேன். அது தொடங்க இன்னும் மூன்று வாரங்கள் உள்ளன. ஓராண்டுக்கு முன் நண்பரின் வண்டியை ஓட்டிப் பார்த்தபோது அது திடீரெனப் பாய்ந்து சுவரில் மோதியது. பெரிய அடி இல்லை. ஆனால் அதை நினைத்தாலே இப்போதும் கை நடுங்குகிறது. பயிற்சியைத் தள்ளிப்போடலாமா? போவதென்றால் அதற்குள் என்னென்ன செய்து வைத்துக்கொள்ள வேண்டும்?

பதில்: தள்ளிப்போடாதீர்கள். தள்ளிப்போட்டால் அந்தச் சுவர் மட்டுமே உங்கள் நினைவில் நிற்கும். அதை மாற்றக்கூடிய அனுபவம் எதுவும் இடையில் வந்து சேராது. பல ஆண்டுகளாகத் தொடக்கநிலை மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்துவரும் நான், உங்களுக்கு நேர்ந்ததைப் போன்ற ஒன்றைச் சொல்லித் தயங்கியபடி வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: அதற்கு முன் ஸ்கூட்டர் ஓட்டியிருக்கிறீர்களா?

ஸ்கூட்டரில் இடது கை லீவர் பின் பிரேக். அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம், புறப்படும்போது சட்டென்று விட்டுவிடுகிறோம். அதனால் எந்தத் தீங்கும் இல்லை. மோட்டார் சைக்கிளில் அதே இடத்தில் இருப்பது கிளட்ச். கியர் போட்ட வண்டியில் அதைச் சட்டென்று விட்டால், ஏற்கெனவே சுழன்றுகொண்டிருக்கும் இன்ஜினின் வேகம் முழுவதும் ஒரே நொடியில் பின் சக்கரத்துக்குப் போய்ச் சேரும். ஆக்சிலரேட்டர் குறைவாக இருந்தால் வண்டி ஒருமுறை குலுங்கி இன்ஜின் நின்றுபோகும். சற்று அதிகமாக இருந்தால் வண்டி முன்னே பாயும். பாயும்போது உடல் பின்னோக்கிச் சாய்கிறது, விழாமலிருக்கக் கைகள் ஹேண்டில் பாரை இறுகப் பிடித்துத் தொங்குகின்றன, தொங்கும் வலது மணிக்கட்டு ஆக்சிலரேட்டரை இன்னும் முறுக்குகிறது, வண்டி இன்னும் வேகமாகப் பாய்கிறது. உங்களுக்கு நேர்ந்ததும் அநேகமாக இதுதான். இதில் உங்கள் துணிச்சலுக்கோ திறமைக்கோ சம்பந்தமில்லை. ஸ்கூட்டர் பழக்கிவைத்த கை, வேறொரு வண்டியில் தன் பழைய வேலையைச் செய்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே இந்த மூன்று வாரத்தில் நீங்கள் பழக்க வேண்டியது முதலில் உங்கள் இடது கையைத்தான். நின்றுகொண்டிருக்கும் வண்டியிலும் இன்ஜின் நிமிடத்துக்கு 1000 சுற்றுக்கு மேல் சுழன்றுகொண்டிருக்கிறது. பின் சக்கரம் அசையாமல் நிற்கிறது. இவை இரண்டையும் சிறிது சிறிதாக ஒன்றோடொன்று உரசவிட்டு இணைப்பது கிளட்ச். லீவரை மெல்ல விட்டுக்கொண்டே வரும்போது, ஓரிடத்தில் இன்ஜினின் சத்தம் சற்றுத் தணிந்து, வண்டி முன்னே நகர விரும்புவதை உடலே உணரும். அதைத்தான் அரைக் கிளட்ச் என்கிறோம். தொடக்கப் பயிற்சியின் முதல் மணி நேரம் பெரும்பாலும் இந்த ஓரிடத்தைத் தேடுவதில்தான் கழியும். லீவரை இப்படிப் பாதியில் வைத்திருந்தால் கிளட்ச் தேய்ந்துவிடுமோ என்று சிலர் அஞ்சி அவசரமாக விட்டுவிடுவார்கள். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் தட்டுகள் எண்ணெயில் மூழ்கியே வேலை செய்வதால், பயிற்சி மைதானத்தின் மெதுவான உரசலை அவை தாங்கும். அவசரப்பட வேண்டியதில்லை.

கிளட்சின் இன்னொரு குணம் பயந்தவர்களுக்குப் பெரிய ஆறுதல். வலது கை என்ன தவறு செய்தாலும், இடது கை லீவரை முழுவதுமாக இழுத்துவிட்டால் சக்கரத்துக்குச் செல்லும் சக்தி அந்தக் கணமே அறுந்துவிடும். இன்ஜின் அலறலாம், வண்டி பாயாது. எனவே, பயம் வந்தால் இடது கை இறுக வேண்டும் என்ற ஒரே அனிச்சைச் செயலை வீட்டிலேயே உருவாக்கிக்கொள்ளுங்கள். நாற்காலியில் நேராக உட்கார்ந்து, தோள் அகலத்துக்கு ஒரு துடைப்பக் கட்டையை இரு கைகளாலும் ஹேண்டில் பார்போலப் பிடியுங்கள். இடது கையின் நான்கு விரல்களையும் நீட்டி, லீவரை இழுப்பதுபோல் விரைவாக மடக்குங்கள். பிறகு மனத்துக்குள் ஐந்து எண்ணியபடி மெல்லத் திறங்கள். இழுப்பது வேகமாக, விடுவது நிதானமாக. நாள்தோறும் பத்து நிமிடம் போதும். வீட்டிலுள்ள ஒருவரை எதிர்பாராத நேரத்தில் கைதட்டச் சொல்லி, ஒலி கேட்டவுடன் மடக்கிப் பழகுவது இன்னும் நல்லது. என்னிடம் பயின்ற ஒரு பெண்மணி இதை இரண்டு வாரம் செய்துவிட்டு வந்தார். முதல் நாளிலேயே அவருடைய வண்டி ஒருமுறை குதித்தது. நான் வாய் திறப்பதற்குள் அவருடைய நான்கு விரல்களும் லீவரை இறுக மூடியிருந்தன, வண்டி இரண்டடி உருண்டு நின்றுவிட்டது. தான் என்ன செய்தோம் என்பதே அவருக்கு ஒரு கணம் கழித்துத்தான் புரிந்தது.

வலது மணிக்கட்டையும் கவனியுங்கள். ஆக்சிலரேட்டர் மூடிய நிலையில் கைப்பிடியைப் பற்றும்போதே மணிக்கட்டு விரல் மூட்டுகளைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். ஏற்கெனவே தாழ்ந்திருக்கும் மணிக்கட்டு உடல் குலுங்கும்போது மேலும் அதிகம் இறங்க முடியாது. ஆகவே தவறுதலாக முறுக்குவதும் குறையும்.

அடுத்ததாக, நின்றிருக்கும் ஒரு மோட்டார் சைக்கிளோடு அரை மணி நேரம் செலவிடுங்கள். சாவியைப் போட வேண்டாம். சென்டர் ஸ்டாண்டில் வண்டி நிற்கட்டும். இடது கையில் கிளட்ச், வலது கையில் முன் பிரேக்கும் ஆக்சிலரேட்டரும், இடது காலில் கியர், வலது காலில் பின் பிரேக் என்ற ஐந்தையும் கண்ணை மூடிக்கொண்டு தொட்டு அறியும் வரை பழகுங்கள். கியர் அமைப்பு எல்லா வண்டிகளிலும் ஒன்றல்ல. பலவற்றில் முதல் கியர் கீழே, மற்றவை மேலே, நியூட்ரல் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் இருக்கும். சில சிறிய வண்டிகளில் எல்லாக் கியரும் ஒரே திசையில் போகும். நீங்கள் பயிலப் போகும் வண்டியில் எப்படி என்று பயிற்சிப் பள்ளியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அனுபவமுள்ள ஒருவர் அருகில் இருக்கும்போது, இன்ஜினை இயக்காமல் வண்டியின் இடப்பக்கம் நின்று அதைத் தள்ளிக்கொண்டு நடந்து பாருங்கள். தொடக்கநிலைப் பயிற்சிக்குப் பயன்படும் 125 சிசி வண்டிகள் பொதுவாக 100 முதல் 140 கிலோ வரை எடை கொண்டவை. எண்ணைக் கேட்டால் அச்சமாக இருக்கும். ஆனால் வண்டி நேராக நிற்கும்வரை அந்த எடையைச் சுமப்பவை டயர்கள்; நீங்கள் கொடுப்பது சமநிலை மட்டுமே, அதற்கு ஒரு கை போதும். சாயத் தொடங்கிய வண்டியைத்தான் தாங்க முடியாது. அப்படிச் சாய்ந்தால் காலை நீட்டித் தடுக்காமல், விட்டுவிட்டு விலகுங்கள். வளைந்த லீவரை மாற்றிவிடலாம். முறிந்த கணுக்கால் அப்படியல்ல.

மெதுவான வேகத்தில் வண்டி கீழே விழுவதற்கு ஒரு குறிப்பிட்ட காரணம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது: ஹேண்டில் பார் ஒரு பக்கம் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடிப்பது. நடை வேகத்தில் திரும்பிக்கொண்டிருக்கும் வண்டியின் முன் சக்கரம் நின்றால், எடை முழுவதும் திரும்பிய பக்கமாகச் சரிந்து, கால் ஊன்றுவதற்குள் வண்டி படுத்துவிடும். முதலில் ஹேண்டில் பாரை நேராக்குங்கள், பிறகு பிரேக் பிடியுங்கள். திருப்பத்துக்குள்ளேயே வேகம் குறைக்க வேண்டியிருந்தால் பின் பிரேக்கை இலேசாக மிதியுங்கள். இதற்காக முன் பிரேக்கே ஆபத்து என்று முடிவுகட்டிவிடக் கூடாது. நேராகச் செல்லும் வண்டி நிற்கும்போது எடை முன்னோக்கி மாறுவதால், நிறுத்தும் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது முன் சக்கரம்தான். பழத்தைப் பிழிவதுபோல் படிப்படியாக அழுத்துவதே முறை. வெடுக்கென்று பிடிப்பதுதான் தவறு.

உங்களிடம் சைக்கிள் இருப்பது பெரிய வசதி. காலியான இடத்தில் நடை வேகத்துக்கும் குறைவாக, காலை ஊன்றாமல், எவ்வளவு மெதுவாக ஓட்ட முடியும் என்று பாருங்கள். பிறகு எட்டு வடிவில் சுற்றுங்கள். இதில் பழக வேண்டியது பார்வை. முன் சக்கரத்தைப் பார்க்காமல், அடுத்துப் போக வேண்டிய இடத்தை நோக்கி முகவாய் திரும்பும் அளவுக்குத் தலையைத் திருப்ப வேண்டும். இரு சக்கர வண்டி கண் போகும் பக்கம் போகும். தடுக்க நினைக்கும் பொருளையே உற்றுப் பார்த்தால் அதிலேயே போய் மோதும். அன்று நீங்கள் அந்தச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள். யாராக இருந்தாலும் அப்படித்தான் பார்த்திருப்பார்கள். பார்வையை விலக்குவது இயல்பாக வருவதில்லை, பழகித்தான் வர வேண்டும்.

பயிற்சிப் பள்ளி ஹெல்மெட் தந்தாலும், உங்கள் தலைக்குப் பொருந்தும் ஒன்றைச் சொந்தமாக வாங்கிக்கொள்வது நல்லது. ஹெல்மெட்டை அணிந்து இரு கைகளாலும் பக்கவாட்டில் திருப்பினால், கன்னத்தின் தோலும் கூடவே நகர வேண்டும். வாரைக் கட்டிய பின் பின்புற விளிம்பைப் பிடித்து மேலும் முன்னும் தள்ளினால் அது கழன்று வரக் கூடாது. வாங்கிய பின் வீட்டில் தினமும் அரை மணி நேரம் அணிந்திருங்கள். நெற்றியில் எங்கேனும் அழுத்தி வலிக்கிறதா என்பது அப்போது தெரிந்துவிடும். பதற்றக்காரர்களுக்கு ஹெல்மெட்டுக்குள் மூச்சு முட்டுவதுபோல் வரும் உணர்வும் மைதானத்துக்குப் போகும் முன்பே பழகிப்போகும். இதைச் சிறு விஷயமாக நினைக்காதீர்கள். 1935 ஆம் ஆண்டு, ‘அரேபியாவின் லாரன்ஸ்’ என்று புகழ்பெற்ற பிரிட்டிஷ் இராணுவ அதிகாரி டி. இ. லாரன்ஸ் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு இறந்தபோது அவரைக் கவனித்த மருத்துவர்களில் ஒருவரான ஹ்யூ கேர்ன்ஸ், அதன் பிறகு இராணுவத் தூது ஓட்டுநர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941 இல் வெளியிட்ட கட்டுரைதான் ஹெல்மெட்டின் அவசியத்தை மருத்துவ உலகுக்கு எடுத்துக்காட்டியது. கணுக்காலை மூடும் காலணி, உள்ளே செருகிய நாடா, தடித்த முழுக்கால் சட்டை, முழுக்கை மேலாடை, முழு விரல் கையுறை ஆகியவையும் வேண்டும். தொங்கும் துணி எதுவும் வேண்டாம். அது சங்கிலியிலோ சக்கரத்திலோ சிக்கிக்கொள்ளும்.

இந்த மூன்று வாரத்தில் யாராவது அன்போடு, “வா, நான் கொஞ்சம் ஓட்டிக் காட்டுகிறேன்” என்று அழைக்கக்கூடும். நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் தலைமையிலான குழு, லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981 இல் வெளியிட்ட அறிக்கையில், விபத்தில் சிக்கிய ஓட்டுநர்களில் 92 சதவீதத்தினர் தாமாகவோ குடும்பத்தார், நண்பர்கள் மூலமாகவோ ஓட்டக் கற்றவர்கள் என்று காணப்பட்டது. முறையான பயிற்சி அன்று பரவலாக இல்லை என்பதையும் சேர்த்தே அந்த எண்ணைப் படிக்க வேண்டும். ஆனாலும் நண்பரின் வண்டி அவருடைய உயரத்துக்கும் வலிமைக்கும் ஏற்றது. மூடிய மைதானம் இராது. பிழை நேர்ந்தால் அவர் பதறுவார், அவர் பதறுவதைப் பார்த்து நீங்களும் பதறுவீர்கள்.

மாறாக, பயிற்சிப் பள்ளியைத் தொலைபேசியில் அழைத்து நேரடியாகச் சில கேள்விகளைக் கேளுங்கள். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்கள்? உயரம் குறைந்த, எடை குறைந்த வண்டி உண்டா? இரண்டு நாளில் கைவரவில்லை என்றால் கூடுதல் வகுப்பு கிடைக்குமா? பயிற்சிக்கு முன்பே பழகுநர் உரிமம் வேண்டுமா என்பதையும் இப்போதே விசாரியுங்கள், ஏனெனில் அதற்கு நாளாகலாம். சுவரில் மோதிய கதையைப் பயிற்றுநரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தெரிந்தால் அவர் உங்களை வரிசையில் முன்னே தள்ளாமல், நடுவில் வைத்து, மற்றவர் செய்வதை இரண்டு முறை பார்க்க விடுவார். மறைத்தால் உங்கள் நடுக்கத்தைக் கவனக்குறைவு என்று தவறாக எண்ணவும் வாய்ப்புண்டு.

பயிற்சிக்கு முந்தைய இரவு நன்றாகத் தூங்குங்கள். காலையில் மிதமாகச் சாப்பிடுங்கள். சளி, ஒவ்வாமை மாத்திரைகளில் சில தூக்கத்தை வரவழைப்பவை. அவற்றை உட்கொள்பவராக இருந்தால் மருத்துவரைக் கேளுங்கள். மைதானத்தில் உங்கள் இன்ஜின் பலமுறை நின்றுபோகும், எல்லோருக்கும் நின்றுபோகும். அப்போது கிளட்சை இழுத்துக்கொண்டு, பிரேக்கைப் பிடித்து, ஒரு முழு மூச்சு விட்ட பிறகே மறுபடி இயக்குங்கள். ஹேண்டில் பாரை இறுக்கிப் பிடிக்கிறோம் என்று தோன்றினால், முழங்கால்களால் பெட்ரோல் டேங்கை அணைத்துக்கொள்ளுங்கள். கால்கள் வண்டியைப் பிடித்துக்கொண்டால் கைகளும் தோள்களும் தாமாகவே தளரும்.

முதல் நாள் பிற்பகலில் இடது கை விரல்கள் வலிக்கத் தொடங்கும். காலையில் சரியாகச் செய்ததைக்கூட அந்த நேரத்தில் தவறவிடுவீர்கள். அது களைப்புதான், கற்றது போய்விட்டது என்று பொருளல்ல. ஐந்து நிமிட ஓய்வு கேட்டு வாங்கி, தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். மறுநாள் காலை அரைக் கிளட்ச் எங்கே இருக்கிறது என்று விரல்கள் தேடாமலே கண்டுபிடிப்பதை நீங்கள் கவனிப்பீர்கள். இரண்டாம் நாள் முடிவில் இன்னும் ஒரு வகுப்பு தேவை என்று பயிற்றுநர் சொன்னால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். உரிமம் கிடைத்து சாலைக்கு வந்த பிறகும் முதல் சில வாரங்கள் பின்னால் யாரையும் ஏற்றாமல், நெரிசல் இல்லாத நேரத்தில், நன்கு தெரிந்த ஒரே பாதையில் அரை மணி நேரம் மட்டும் ஓட்டிவிட்டு வீடு திரும்புங்கள்.